தஞ்சாவூர் மாத்திரை: காவிரிப் படுகையில் பாம்புக்கடி மருத்துவமும் சான்றின் கல்வியும்

நெல் விளையும் மண்ணில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். காவிரிப் படுகையின் வரப்புகள், வாய்க்கால் கரைகள், வைக்கோல் போர்கள், களத்துமேடுகள் எல்லாம் இரண்டுக்கும் இடம் கொடுப்பவை. குறுவையோ சம்பாவோ தாளடியோ, நாற்றுப் பறிப்பவரும் களை எடுப்பவரும் கதிர் அறுப்பவரும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே தமிழ்நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். கடிபட்டவர் முதலில் போய்ச் சேர்ந்தது ஊரிலிருந்த விஷக்கடி வைத்தியரிடம். பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அந்த முதல் கைக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்ததை யாராவது சோதித்துப் பார்த்தார்களா, சோதித்தவர் கண்ட முடிவு அந்தக் கைக்கு வந்து சேர்ந்ததா என்ற மூன்று கேள்விகளும் தஞ்சாவூர்ச் சீமையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டன.

மருத்துவத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இப்பகுதிக்கு அதைவிடப் பழையது. சோழர் காலத்தில் குந்தவை தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சாவூரில் ஆதுலர் சாலை ஒன்றை நடத்த நிலம் விட்டாள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1121-ஐச் சேர்ந்தது, சரக சம்ஹிதையும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் பயிலும் மாணவர்களுக்குச் சோறிட ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அங்கே பாடம் நூலிலிருந்து வந்தது. நூல் சொல்வதை மனப்பாடம் செய்து, ஆசானோடு இருந்து கைப்பழக்கம் பெற்று, ஊருக்குத் திரும்புவதே பயிற்சி. விஷக்கடி வைத்தியம் பெரும்பாலும் இந்த ஏட்டுக்கல்விக்கும் வெளியே, குடும்பத்துக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. மருந்தின் கூட்டு வெளியே தெரிந்தால் பலிக்காது என்ற நம்பிக்கை அதற்குக் காவலாக இருந்தது.

கூட்டுகளை ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதும் வேலையைக் கடற்கரையில் வேறொரு கூட்டம் தொடங்கியது. டேனியர் 1620 முதல் வைத்திருந்த தரங்கம்பாடிக்கு 1706-இல் லுத்தரன் மிஷன் போதகர் சீகன்பால்கு வந்தார். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்ட அவருடைய உழைப்பில் மருத்துவ ஏடுகளும் அடங்கின. அவருடைய தோழர் கிருண்டலர் 1711-இல் தமிழ் மருத்துவ நூல்களைக் கொண்டு ஜெர்மன் மொழியில் ஒரு தொகுப்பை எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். மிஷனுக்கு அடுத்தடுத்து மருத்துவர்கள் வந்தார்கள். 1768-இல் வந்த கேனிக், தாவரவியலாளர் லின்னேயஸிடம் பயின்றவர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் இயற்கை ஆய்வாளர் ஆனார். 1785-இல் அவர் இறந்ததும் அந்த வேலைக்கு வந்தவர்தான் பேட்ரிக் ரஸ்ஸல்.

ரஸ்ஸல் எடின்பரோவில் படித்தவர். சிரியாவின் அலெப்போ நகரில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்து கொள்ளைநோயைக் கண்டவர். சோழமண்டலக் கரையில் ஆண்டுதோறும் பாம்புக்கடியால் சாகிறவர்கள் இருக்க, எந்தப் பாம்பு நஞ்சுடையது, எது இல்லாதது என்று ஐரோப்பிய மருத்துவர்களுக்கே தெளிவில்லாதது அவரை உறுத்தியது. பாம்புகளைப் பிடித்து அனுப்பச் சொல்லி, பல்லமைப்பைப் பார்த்து, படம் வரைவித்து, கடியின் விளைவைக் கோழிகளிலும் நாய்களிலும் குறித்துவைத்தார். அப்படிச் சேர்ந்ததுதான் 1796-இல் லண்டனில் வெளிவந்த, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய பெரிய படநூல். கண்ணாடி விரியன் இன்றும் அறிவியல் பெயரில் அவரைச் சுமக்கிறது.

அவர் இந்த வேலையில் இருந்தபோதே தஞ்சாவூரிலிருந்து ஒரு மருந்து பெயர்பெற்றது. பாம்புக்கடிக்கும் வெறிநாய்க்கடிக்கும் கைகண்டது என்று சொல்லப்பட்ட அந்த மாத்திரையின் கூட்டு, தஞ்சாவூரில் வாழ்ந்த லுத்தரன் போதகர் சுவார்ட்ஸ் வழியாகக் கம்பெனி அரசின் கைக்கு வந்தது. 1780-களின் இறுதியில் அரசு அதை ஊரறிய அச்சிட்டு வெளியிட்டது. ஆங்கிலேயர் இதைத் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்றே அழைத்தார்கள். வெள்ளைப் பாடாணம், பாதரசம், நாவிக் கிழங்கு, நேர்வாள விதையின் பருப்பு, மிளகு ஆகியவை அதன் சரக்குகளில் முக்கியமானவை. பாடாணம் உயிர்க்கொல்லி, நேர்வாளம் கடும்பேதி, நாவி இதயத்தைத் தாக்கக்கூடியது. இவ்வளவும் ஒரே உருண்டையில்.

ஒரு குடும்பத்தின் மறைபொருளாக இருந்த மருந்தின் கூட்டு அச்சேறியது சிறிய செய்தி அல்ல. கூட்டு வெளிப்பட்டால்தான் இன்னொருவர் அதே மருந்தைச் செய்து, அதே நோயில் கொடுத்து, அதே பலன் வருகிறதா என்று பார்க்க முடியும். ரஸ்ஸல் அதைத்தான் செய்தார். பாம்பை விட்டுக் கடிக்கவைத்த விலங்குகளில் மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது, கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார். சென்னை நிர்வாகத்தின் மருத்துவர்கள், குறிப்பாக வில்லியம் டஃபின், மாத்திரை கொடுத்துப் பிழைத்த சிப்பாய்களைப் பற்றி எழுதிய கடிதங்களையும் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். மாத்திரை விழுங்கிய விலங்குகளும் செத்தன. பாம்பு நஞ்சுக்கு நிச்சயமான மாற்று என்ற பெயரை அந்த மருந்துக்குக் கொடுக்க அவருடைய சோதனைகள் இடம் தரவில்லை.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு ரஸ்ஸலின் நூலே விடை வைத்திருந்தது: அவர் ஆராய்ந்த பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. டெல்டா வயலில் தண்ணீர்ப்பாம்பும் சாரையும் மனிதரைக் கடிக்கும். நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. இறக்கினாலும் எப்போதும் கொல்லும் அளவுக்கு இறக்குவதில்லை. ஒரு விஷக்கடி வைத்தியரிடம் பத்துப் பேர் வருகிறார்கள், அவர்களில் ஏழு பேருக்கு உடம்பில் நஞ்சே ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மந்திரித்தாலும் சிறியாநங்கை கொடுத்தாலும் விஷக்கல் ஒட்டினாலும் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்த ஏழு பேர் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். மிஞ்சிய மூவரில் செத்தவருக்கு விதி என்று பெயர்; பிழைத்த ஏழு பேருக்கு வைத்தியர் என்று பெயர். வைத்தியர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கண்ணால் காண்பது மட்டும் போதாத இடம் இது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மருந்தில்லாக் கூட்டம் இல்லாமல் எந்த மருந்தும் பாம்புக்கடியில் நல்ல மருந்தாகவே தோன்றும்.

மாத்திரையின் பயணம் இதோடு முடியவில்லை. ரஸ்ஸலின் நூலைப் படித்த ஒரு லண்டன் அறுவை மருத்துவர் தூண்டியதால், மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவில் இருந்த அயர்லாந்து என்ற படை மருத்துவர் அங்குள்ள விரியன் கடிக்குப் பாடாணக் கரைசல் கொடுத்துப் பார்த்தார். தம் நோயாளிகள் பிழைத்ததை லண்டன் மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அவருடைய குறிப்பிலும் மருந்து பெறாதவரோடு முறையான ஒப்பீடு கிடையாது. தஞ்சாவூரில் ஒரு குடும்பம் செய்த அதே பிழை அச்சில் ஏறி அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

மாத்திரை அச்சான காலத்தில் சுவார்ட்ஸின் பொறுப்பில் வளர்ந்த சிறுவன் இரண்டாம் சரபோஜி. 1798-இல் பட்டத்துக்கு வந்து, மறு ஆண்டே ஒப்பந்தத்தால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் இழந்து, கோட்டையும் மானியமும் மிஞ்சிய நிலையில் 1832 வரை இருந்தவர். 1801-இல் அவர் கம்பெனி ரெசிடெண்டுக்குச் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. சத்திரங்களில் நோயுற்ற பயணிகளுக்குச் சிகிச்சை நடக்கிறது, கருவுற்ற பெண்கள் பார்த்துக்கொள்ளப்படுகிறார்கள், ஊர்வனவற்றின் நஞ்சுக்கு வைத்தியம் அறிந்தவர்கள் அங்கே அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் விளக்குகிறார். வழியோரத்தில் எவரும் கட்டணமின்றி நுழையக்கூடிய இந்தச் சத்திரங்களின் வைத்தியரைத்தான் அந்தக் காலத்து முதல்நிலை மருத்துவர் என்று சொல்ல வேண்டும். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

சரபோஜியின் தன்வந்திரி மகாலில் தமிழ், ஆயுர்வேத, யுனானி, ஐரோப்பிய மருத்துவம் தெரிந்தவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். அனுபவத்தில் பலன் கண்டதாகக் கருதிய முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாடலாக்கினார்கள். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய்வாரியாகச் சரஸ்வதி மகால் நூலகப் பதிப்புகளாக வந்துள்ளன. பாட்டாக்கியதன் நோக்கம் தெளிவானது: வைத்தியர் மனத்தில் நிற்க வேண்டும். ஆனால் பாட்டில் மருந்தும் அளவும் நிற்கும். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள் என்பது நிற்காது.

அந்தக் குறை தன்வந்திரி மகாலின் இன்னொரு வகைத் தாள்களில் இல்லை. 1820-களின் இறுதியைச் சேர்ந்த கண் நோயாளிகளின் பதிவுகள் அவை. நோயாளி யார், எந்தக் கண்ணில் என்ன கோளாறு, என்ன மருந்து அல்லது அறுவை, அடுத்து என்ன ஆனது என்று தனித்தனியே எழுதி, கண்ணின் நிலையை வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். நோயாளியை ஒருவராகக் கொண்டு தொடர்ந்து குறிக்கும் இந்தப் பழக்கம் அந்தக் காலத்து இந்திய அரண்மனைகளில் அரிது. சரபோஜி காசிக்குப் போய்வந்தவர், ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்தவர் என்பதெல்லாம் அவருடைய புகழுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மருத்துவ வரலாற்றில் அவருடைய இடத்தை உறுதிசெய்வது இந்தத் தாள்களே. அவருக்குப் பின் இந்த வேலை தொடரவில்லை. 1855-இல் தஞ்சாவூர் அரச மரபுக்கு வாரிசில்லை என்று கம்பெனி முடிவுகட்டியபோது தாள்கள் நூலகத்தில் கட்டுகளாகக் கிடந்தன. சத்திர வைத்தியர் எவரும் அந்த முறையில் பதிவு எழுதப் பயிற்சி பெற்றதாகத் தெரியவில்லை.

கிராம மருத்துவரைப் பயிற்றுவிக்கும் எண்ணம் முழு வடிவில் உருவானது பாக் நீரிணைக்கு அக்கரையில். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள், ஊரில் தங்குவதில்லை என்று கண்டு, 1864 முதல் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல் நூலாகத் தமிழில் வெளியிட்டார். கலைச்சொற்களைத் தேடிச் செதுக்கும் பணியில் அவருடைய மாணவர்களும் உழைத்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்றார்கள். தஞ்சாவூரில் பின்னர் வந்த மருத்துவப் பள்ளி ஆங்கில வழியிலேயே கற்பித்தது. ராஜா மிராசுதார் மருத்துவமனை நகருக்கு வலுவான சிகிச்சையைக் கொடுத்தது. ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயலில் கடிபட்டவருக்கு அது ஒரு நாள் வண்டிப் பயணம்.

இதற்கிடையில் சோதனை அறிவு முன்னேறிக்கொண்டே இருந்தது. கல்கத்தாவில் ஜோசப் ஃபேய்ரர் 1872-இல் வெளியிட்ட பெருநூலுக்காக வழக்கிலிருந்த பற்பல மாற்றுமருந்துகளை விலங்குகளில் சோதித்தார். நஞ்சு உடலில் பரவிய பின் எதுவும் காப்பாற்றவில்லை. 1890-களின் நடுவில் பிரான்சின் கால்மெட், குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து எடுத்தார். இது எல்லாப் பாம்புக்கும் பொருந்தும் என்றே முதலில் எண்ணினார். நல்ல பாம்பின் முறிமருந்து கண்ணாடி விரியனின் நஞ்சைத் தடுக்காது என்பதை இந்தியாவில் ஜார்ஜ் லேம்ப் அடுத்த பத்தாண்டில் காட்டினார். எந்தப் பாம்பு என்று அறிவது ஏன் முக்கியம் என்பதற்கு ரஸ்ஸல் தொடங்கிய வாதம் ஒரு நூற்றாண்டு கழித்து இப்படி முழுமை பெற்றது. நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து செய்யும் வழக்கம் இந்த அறிவின் மீதுதான் நிற்கிறது.

அதே காலத்தில், சோதனையில் போதாத ஒன்று கிராமங்களுக்கு மிக வேகமாகப் போய்ச் சேர்ந்தது. 1904-இல் லாடர் பிரண்டன், ஃபேய்ரர், லியோனார்ட் ராஜர்ஸ் மூவரும், கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொடியைத் தேய்த்தால் நஞ்சு அழியும் என்று எழுதினார்கள். ஒரு முனையில் சிறு கத்தியும் மறுமுனையில் பெர்மாங்கனேட் பொடியும் கொண்ட மரக்குப்பி ஒன்று மலிவாகச் செய்யப்பட்டு இந்தியாவின் பல மாகாணங்களில் கிராம அலுவலர்களுக்கும் காவலர்களுக்கும் வழங்கப்பட்டது. சோதனைக்குழாயில் பெர்மாங்கனேட் நஞ்சை அழிப்பது உண்மை. உடலுக்குள் நஞ்சு பரவும் வேகத்தில் அது போய்ச் சேர்வதில்லை என்பதும், சதையைச் சுட்டுப் புண்ணாக்கும் என்பதும் உண்மை. சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பானர்மன் இந்த முறைக்கு எதிராகச் சோதனைகள் செய்து எழுதினார். ஆனாலும் பெர்மாங்கனேட் பல பத்தாண்டுகள் பாடநூல்களிலும் முதலுதவிக் கையேடுகளிலும் இருந்தது. முதலில் கற்பித்த பாடத்தைப் பின்னர் திரும்பப் பெறுவது அரசுக்கு எளிதாக இருந்ததில்லை. குப்பியைக் கொடுத்த அதே முனைப்போடு அதை வாங்கிக்கொள்ள எவரும் ஊர் ஊராகப் போகவில்லை.

விடுதலைக்குப் பின் முதல்நிலை மருத்துவத்தின் உருவம் மாறியது. 1946-இல் போர் என்பவர் தலைமையிலான குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையம் 1952-இல் தொடங்கிய சமூக மேம்பாட்டுத் திட்டத்தோடு ஒன்றியந்தோறும் வந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1950-களின் இறுதியில் பிறந்தது. அதே காலத்தில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவம் ஒரு சோதனையால் எப்படி மாறும் என்பதற்கு உலகமே சுட்டும் எடுத்துக்காட்டு. 1956-இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைப் படுக்கையும் நல்ல உணவும் ஓய்வும். மறு பிரிவினருக்கு நெரிசலான வீட்டிலேயே அதே மாத்திரைகள். 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இறங்கி வந்தது இதனால்தான்.

பாம்புக்கடிக்கு அப்படி ஒரு மாற்றம் வரத் தாமதமானது. முறிமருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கிறது. தோலுக்காகப் பாம்பைக் கொன்றுவந்த ஒரு சமூகம், அதே கைத்திறனால் நாடெங்கும் உயிர்காக்கும் மருந்தின் மூலப்பொருளைத் தருவது தமிழ்நாட்டு மருத்துவத்தின் பெருமைக்குரிய பகுதி. 1995-இல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பியது. மருந்து வந்து சேர்ந்தது. எப்படிக் கொடுப்பது என்ற பாடம் பின்தங்கியது. முறிமருந்தைக் கொடுக்கும் முன் தோலில் துளி போட்டுச் சோதிப்பது, கூடவே ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் போடுவது, கண்ணாடிக் குப்பிகளை அளவின்றி ஏற்றுவது அல்லது பயந்து கொடுக்காமலே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்ற வழக்கங்கள்.

‘சான்றுசார் மருத்துவம்’ என்று இன்று அழைக்கப்படும் முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரைப் பெற்றது. மூத்தவரின் சொல்லையும் தனி அனுபவத்தையும் மட்டும் நம்பாமல், கேள்வியைத் தெளிவாகக் கேட்டு, அதற்கு நடந்த ஆய்வுகளைத் தேடி, அவற்றின் தரத்தை எடைபோட்டு, முன்னால் இருக்கும் நோயாளிக்குப் பொருத்துவதே அதன் சாரம். ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 1993-இல் உருவானது; தெற்காசியாவுக்கான அதன் மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கியது. பாம்புக்கடியின் பழைய வழக்கங்கள் ஒவ்வொன்றாக இந்த உரைகல்லுக்கு வந்தன. தோல் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று 1986-லேயே தாய்லாந்து ஆய்வு காட்டியிருந்தது. குறைந்த அளவு முறிமருந்தும் பெரிய அளவுக்கு இணையாகப் பலன் தரலாம் என்று 1990-களின் இறுதியில் வேலூரில் நடந்த குலுக்கல்முறை ஆய்வு சுட்டியது. 2011-இல் இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, முறிமருந்துக்கு முன் சிறிய அளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகிறது, ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசினும் குறைப்பதில்லை என்று நிறுவியது. பெரும்பாலான வார்டுகளில் வழக்கமாகப் போட்ட இரண்டு ஊசிகளும்தான் பயனற்றவையாகத் தேறின.

2000-களின் பின்பகுதியில் இந்திய அரசு வெளியிட்ட பாம்புக்கடிச் சிகிச்சை நெறிமுறை இந்த அறிவை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஏற்றதாகச் சுருக்கியது. அதன் நடுவில் இருப்பது மிக எளிய ஒரு சோதனை. கடிபட்டவரின் ரத்தம் இரண்டு மில்லியைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். முறிமருந்து உடனே வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தவறும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் தவறும். இதுபோன்ற நுணுக்கங்களைக் கையால் செய்து கற்காமல் சுற்றறிக்கையில் படித்துவிட்டுப் போக முடியாது.

டெல்டா மருத்துவர் தனியாகக் கற்க வேண்டிய பாம்பு கட்டுவிரியன். கோடையில் தரையில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் கடிக்கும், வலி இருக்காது, பல்தடமும் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். இமை தொங்கத் தொடங்கியிருக்கும். பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். இவருக்கு ரத்தம் ஒழுங்காகவே உறையும். வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் வீட்டில் இறப்பார். இமை தொங்குவதைக் கவனித்து, முறிமருந்து கொடுத்து, மூச்சுப் பை அழுத்தியபடி வண்டியில் அனுப்பினால் பெரும்பாலும் பிழைப்பார். கயிறு இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, குழந்தைக்கும் பெரியவருக்கும் முறிமருந்தின் அளவு ஒன்றே, ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை என்பனவும் பயிற்சியில் வரும் பாடங்கள். 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, பழைய ஒரு நாள் வண்டிப் பயணத்தை வெகுவாகச் சுருக்கியது.

முதல்நிலையில் இருப்பவருக்குச் சான்றுசார் மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் முயற்சி ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்திலேயே 2010-ஐ ஒட்டி நடந்தது. சென்னையில் இயங்கிய ஐ.கே.பி. பொதுச் சுகாதாரத் தொழில்நுட்ப மையமும் அதன் துணை அமைப்பான சுகவாழ்வும் கரம்பயம், ஆலக்குடி போன்ற ஊர்களில் சிறு மருத்துவ நிலையங்களைத் திறந்தன. அங்கே அமர்ந்தவர்கள் சித்த, ஆயுர்வேதப் பட்டம் பெற்ற மருத்துவர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியோடு சேர்ந்து உருவாக்கிய பயிற்சியும் நோய்வாரியான நெறிமுறைகளும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு நோயாளியின் வருகையும் கணினியில் பதிவானது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தேடிக் கண்டறியப்பட்டன. ஊர்ப் பெண்கள் சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றார்கள். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இதே இரண்டு நோய்களைப் பார்க்கிறார்கள். இத்தகைய பயிற்சியில் மருத்துவரின் பட்டத்தை விட, அவர் தம் பதிவேட்டைத் திரும்பிப் பார்க்கிறாரா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

பதிவேடு இல்லாததால் இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளின் அளவே நெடுங்காலம் தெரியவில்லை. மருத்துவமனைக் கணக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் என்றது. வீடு வீடாகச் சென்று சாவின் காரணத்தைக் கேட்டறிந்த தேசிய ஆய்வு, 2005-இல் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் இறந்ததாக 2011-இல் கணக்கிட்டது. 2020-இல் வெளியான மறுகணக்கு, இருபது ஆண்டுகளின் சராசரியை ஆண்டுக்கு 58,000 என்று வைத்தது. பெரும்பாலோர் மருத்துவமனையை அடையும் முன்பே கிராமத்தில் இறந்தவர்கள். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ்ப் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஒவ்வொரு கடியையும் சாவையும் அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது அதன்படி கட்டாயமானது.